டாக்டர் பத்து நிமிடம் பேசினால் குடி குறையுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. லேத் பட்டறை வைத்திருக்கிறார். தினமும் இரவில் ஒரு குவார்ட்டர். ‘நான் என்ன குடிகாரனா?’ என்று சொல்லி மறுவாழ்வு மையத்துக்கு வர மறுக்கிறார். ரத்த அழுத்த மாத்திரைக்காகக் குடும்ப டாக்டரிடம் மட்டும் தவறாமல் போகிறார். அவர் எடுத்துச் சொன்னால் குறையுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது, சகோதரி. அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் டீ டம்ளரை எடுக்கும்போது அவர் கை நடுங்குகிறதா? ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் அடங்குகிறதா? ஆம் என்றால் இது பேச்சோடு தீருகிற விஷயம் அல்ல. ஒரேயடியாக நிறுத்தவும் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

நடுக்கம் இல்லையென்றால் டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நான் செய்வது இதுதான்: ரத்த அழுத்தம் பார்த்த பட்டையைக் கழற்றிக்கொண்டே, “வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு?” என்று கேட்பேன். உப்பு எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று கேட்கிற அதே குரலில். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்கு. குவார்ட்டர் 180 மி.லி. அதில் கன அளவில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடைக்குச் சுமார் 60 கிராம். வாரத்துக்கு 420. “அழுத்தம் மாத்திரைக்கு அடங்காததற்கு இதுவும் காரணம்” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். இனிப் பேச வேண்டியவர் அவர்.

ஒரு தறிக்காரர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செவ்வாயும் வெள்ளியும் தொட மாட்டேன் டாக்டர், மற்ற நாள் பாதி” என்றார். அந்தக் கிழமைகளை நான் சொல்லியிருந்தால் படியிறங்கும்போதே மறந்திருப்பார். அவர் வாயால் வந்ததால் மாதாமாதம் அவரே கணக்கு ஒப்பித்தார்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன், 2018இல் 69 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அறிக்கையில், இப்படிப் பேசப்பட்டவர்கள் மற்றவர்களைவிட ஓராண்டு கழித்து வாரத்துக்குச் சராசரியாக 20 கிராம் குறைவாகக் குடித்தார்கள். குவார்ட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் மறுவாழ்வு மையத்தின் வாசலையே மிதிக்காதவரிடம் தொடங்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. இதைக் கேட்காமலே மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும், “டாக்டரே சொல்லிவிட்டார் பார்த்தீர்களா” என்று குத்திக்காட்டாதீர்கள். அவர் எந்தக் கிழமையைச் சொன்னாரோ, அன்று இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே சுடச்சுட வைத்துவிடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் அந்த நேரத்தைக் கடப்பது அவருக்குச் சற்று எளிதாகும்.