பழைய ரயில் கிரேனை ஏன் பிரிக்கிறார்கள்?

கேள்வி: தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்கும் பழைய நீராவி கிரேனை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகும்போது, சக்கரம் இருந்தும் ஏன் பிரித்து எடுத்துப் போகிறார்கள்?

பதில்: சக்கரம் இருந்து என்ன செய்ய, பல கிரேன்கள் நிற்கும் இடத்தில் இப்போது தண்டவாளமே இருக்காது. தண்டவாளம் இருந்தாலும், எண்ணெயில் ஓடும் அந்தக் காலத்து பேரிங்குகளை (சக்கர அச்சைத் தாங்கும் பாகங்கள்) இன்றைய பாதைகளில் விடத் தயங்குவார்கள். அப்புறம் லாரிதான், அதில் முழுசாக ஏற்ற முடியாது என்பதால்தான் பிரிக்கிறார்கள். முன்னால் நீளும் கையை முதலில் கழற்றினால் பின்னால் உள்ள எதிர் எடை மேல்பகுதியைப் பின்பக்கம் இழுக்கும், எதிர் எடையை முதலில் எடுத்தால் கை முன்பக்கம் இழுக்கும், ஆகவே கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதை எப்போது எடுப்பது என்ற கணக்குதான் பாதி வேலை. பாய்லரைச் சுற்றி வெப்பம் காக்கச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, பயிற்சி இல்லாதவர்கள் தொடவே கூடாது. வேடிக்கை என்னவென்றால், 100 டன்னுக்கு மேல் தூக்கியதையும் தூக்க வேறு கிரேன் வரவேண்டும்!