டெங்குவில் கல்லீரல் பாதித்தால் கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். தங்கள் கணவருக்கு டெங்கு உறுதியாகி, கல்லீரல் பாதிப்பை இரத்தப் பரிசோதனையில் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற அளவுகள் இரண்டும் சில நூறுகளைத் தாண்டிவிட்டதால் வீட்டுப் பெரியவர்கள் சாறு கொடுக்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன்; கோத்தகிரியில் என் அண்ணனுக்கு இதே நிலை வந்தபோது உடனிருந்தவன்.

அண்ணனுக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை. காய்ச்சலோடு மலையேறி வந்தவரைப் பார்த்து, இந்தக் குளிரில் ஏது டெங்கு என்றார்கள். கொசு கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் வெளிப்படும் என்பதால், கடி அங்கேயும் காய்ச்சல் இங்கேயுமாக இருப்பதில் வியப்பில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை மூன்றிலும், அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் பாராசிட்டமால் இருந்ததை, குன்னூரில் பார்த்த மருத்துவர்தான் அட்டைகளைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். வலி மாத்திரையில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்திருந்தது. கேட்டவருக்கெல்லாம் மூன்று அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் கடைக்காரர்களை என்னவென்று சொல்வது!

வைரஸை அழிக்கும் மருந்து டெங்குவுக்கு இல்லை. ஆகவே கல்லீரலுக்கான சிகிச்சை என்பது பெரும்பாலும் அதன்மேல் புதுச் சுமை ஏற்றாமல், நீர்ச்சத்தை அளந்து கொடுத்து, அது தானாகத் தேறும்வரை காவல் இருப்பதுதான். அண்ணனுக்கு எஸ்.ஜி.ஓ.டி. ஆயிரத்தைக் கடந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாட்டில் அது தீவிர டெங்கு. பாராசிட்டமாலை நிறுத்தி, இரத்தம் உறையும் நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கல்லீரல் செயலிழக்கத் தொடங்கினால் அசிட்டைல்சிஸ்டைன் ஊசி மருந்தாக ஏற்றுவதுண்டு என்றார்கள். அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை. உறவினர்களோ தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா கொண்டுவந்த சாற்றை நான் தடுத்ததால் வீட்டில் மனத்தாங்கல் வந்தது. சித்த மருத்துவத்தை நான் இழித்துப் பேசுவதாக யாரும் கிளம்ப வேண்டாம்; ஏற்கெனவே வீங்கியிருக்கும் கல்லீரலுக்குள் அளவு தெரியாத எதையும் அனுப்ப வேண்டாம் என்பது மட்டுமே என் வாதம். அதே காரணத்தால் ஆங்கில மருந்துக் கடையின் கல்லீரல் டானிக்கையும் நான் வாங்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்; ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், பேச்சில் குழப்பம், அளவுக்கு மீறிய உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அளவுகள் இறங்கிவிடும். மறுபரிசோதனையில் அது உறுதியாகும்வரை மது கூடவே கூடாது.