மகனைப் பற்றிக் கேட்பார்களே!

கேள்வி: என் பெரியம்மாவுக்கு 71 வயது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் உணவங்காடியில் மேசை துடைக்கும் வேலையை விட்டுவிட்டார். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் காம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னால், "கை நீட்டுற அளவுக்கு நான் போயிடல" என்கிறார். கடைகளில் செலவழிக்க அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு என்றால் மட்டும் "எனக்கு வந்துடுச்சா பாரு" என்று முதல் ஆளாகக் கேட்கிறார். என்ன கணக்கு இது?
– வாசகி, ஈசூன்

பதில்: அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. சிடிசி பற்றுச்சீட்டு எல்லாச் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் வருவது. பக்கத்து புளோக்கில் கார் வைத்திருப்பவரும் வாங்குகிறார், அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? 2016இல் வந்த சில்வர் சப்போர்ட் என்ற முதியோர் உதவித்தொகையும், குறைந்த சம்பளத்தில் உழைத்து 65 வயதைத் தொட்டவர்களுக்கு, விண்ணப்பமே இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. காம்கேரில்தான் வாய் திறந்து "எனக்குப் போதவில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதைவிடக் கனமானது இன்னொன்று. படிவம் நிரப்ப உதவும் தொண்டூழியராக நான் உட்கார்ந்த மேசையில் வாடகை, மின்கட்டணம் பற்றியெல்லாம் சரளமாகப் பேசுவார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், மாதம் என்ன தருகிறார்கள் என்று கேட்டதும் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பாட்டி, நான் கேட்காமலேயே, "அவன் நல்ல பையன்தாம்மா" என்றார். உதவி கேட்பது அவருக்கு மகன்மீது புகார் எழுதிக் கொடுப்பதாகத் தோன்றியிருக்கிறது. கேள்விகள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள் ஒரு தாயை எதிரே உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். "போய்க் கேளும்மா, எனக்கு இதுல ஒரு குறைச்சலும் இல்ல" என்று மகன் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் பத்து முறை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

அப்புறம், காம்கேருக்கு விண்ணப்பிக்கப் போகும் சமூகச் சேவை அலுவலகத்தில் தெரிந்த முகம் யாராவது இருக்குமோ என்று பயந்தால், முதலில் வீட்டிலிருந்தே காம்கேரின் 1800-222-0000 எண்ணுக்கு அழைத்து என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கூடவே போங்கள், அவருக்காக நீங்கள் பேசாதீர்கள். முழங்காலுக்கு மருத்துவர் தந்த சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இனி வேலைக்குப் போக முடியாது என்று அவர் வாயால் சொல்வதற்குப் பதில் அதை நீட்டிவிடலாம்.