கொம்பியூட்டர் கேள்வி பதில்: கிணத்துப் பங்கும் லினக்ஸும்

இந்தமுறை வந்த கேள்வியளில கனக்க, விண்டோஸை விட்டுட்டு லினக்ஸ் மாதிரி வேற ஒப்பரேட்டிங் சிஸ்டம் (மெஷினை ஓட்டுற அடிப்படைச் சொஃப்ட்வெயார்) ஏதும் போடலாமோ எண்டதுதான். போன் ரிப்பேர் கேள்வியளை அடுத்தமுறைக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் பாப்பம்.

ஓபன் சோர்ஸ் ஒப்பரேட்டிங் சிஸ்டம் எண்டால் காசில்லாத சிஸ்டம் எண்டு எழுதினன், டியூசன் சேர் பிழை போட்டிட்டார். என்ன பிழை?
*ஏ.எல் மாணவன், கோண்டாவில்*

சேர் போட்டது சரிதான் தம்பி. காசில்லாமக் கிடைக்கிறதெல்லாம் ஓபன் சோர்ஸ் இல்லை, ஓபன் சோர்ஸ் எண்டால் காசு வாங்கக்கூடாது எண்டுமில்லை, ரெட் ஹட் கொம்பனி லினக்ஸ் எண்ட ஓபன் சோர்ஸ் சிஸ்டத்தை வைச்சே வருசா வருசம் சந்தா வாங்குது. விசயம் உரிமையில கிடக்கு: கோட், அதாவது புரோகிராம் எழுதின வரியளை, ஆரும் பாத்து, மாத்தி, பங்கிடுற உரிமை.

வீட்டுக் காணி உறுதியை ஒருக்கா எடுத்து வாசிச்சுப் பாரும், கிணத்தில பங்கு, வழி வாய்க்கால் எண்டு எங்கயாவது எழுதியிருக்கும். பங்குக் கிணத்தில ஒராள் பூட்டுப் போட்டு மறிக்கேலாது. அள்ளலாம், தூர் வாரலாம், ஆழமாக்கலாம், ஆனா ஆழமாக்கினதுக்காக இனி இது என்ர கிணறு எண்டு நிக்கேலாது. லினக்ஸின்ர உறுதிக்கு, அதாவது லைசென்ஸுக்கு, பேர் ஜி.பி.எல். பாவிக்கலாம், கோட்டைத் திறந்து பாக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம், ஆனா மாத்தினதை வெளியில குடுத்தால் வாங்கின ஆளுக்கும் கோட்டோட அதே உரிமையைக் குடுக்கோணும். ஒரு வித்தியாசம், சித்திரையில கிணறு வத்தும், கோட்டைக் கொப்பி எடுக்க எடுக்க வத்தாது. (எல்லா உறுதியும் இப்பிடி இல்லை. பி.எஸ்.டி எண்ட லைசென்ஸில வாற கோட்டை எடுத்து மாத்திப்போட்டு மூடியும் வைக்கலாம், அப்பிளின்ர மாக் கொம்பியூட்டருக்குள்ள அப்பிடி எடுத்த ஃப்ரீபி.எஸ்.டி கோட் கிடக்குது.)

வரலாறும் கேப்பினம், அதால கேளும். 1983 இல ரிச்சர்ட் ஸ்டோல்மன் ஆரும் திறந்து மாத்தக்கூடிய சிஸ்டம் ஒண்டை எழுதுற க்னூ எண்ட திட்டத்தை அறிவிச்சவர், கம்பைலர், எடிட்டர், ஷெல் எண்ட சுத்துச் சாமானெல்லாம் வந்திட்டுது, நடுவில இருக்கவேண்டிய கேர்னல் மட்டும் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. 1991 ஓகஸ்ட் 25 இல பின்லாந்தில ஹெல்சிங்கி யூனிவெசிற்றிப் பெடியன் லீனஸ் டோர்வால்ட்ஸ், 21 வயசு, தான் ஒரு சிஸ்டம் எழுதுறன், பொழுதுபோக்குத்தான், பெரிசா வராது எண்ட மாதிரி அறிவிச்சார், அந்த இல்லாத கேர்னலா வந்ததுதான் லினக்ஸ். அவர் முதல் போட்ட லைசென்ஸில காசுக்குக் குடுக்கக்கூடாது எண்டு இருந்தது, 1992 இல ஜி.பி.எல்லுக்கு மாத்தினார், என்னைக் கேட்டால் அந்தக் கோட்டை எழுதினதிலும் பாக்க இந்த மாத்தம்தான் பெரிய வேலை. கேர்னல் என்ன செய்யிறது எண்டு கேட்டால், தோட்டத்துக்கு முறை வைச்சு இறைக்கிறதை நினையும்: புரோசசர், மெமரி, டிஸ்க் இதுகளை எந்த புரோகிராமுக்கு எப்ப, எவ்வளவு விடுறது எண்டு முறை பிரிக்கிற ஆள் அது.

என்ர லப்டொப் 2015 இல வாங்கினது, விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்கோ எண்டு கடைக்காரப் பெடியன் சொல்லுறான். உண்மையோ?
*ஓய்வுபெற்ற ரீச்சர், சாவகச்சேரி*

அரைவாசி உண்மை ரீச்சர். விண்டோஸ் 11 க்கு ரீ.பி.எம் 2.0 எண்ட பாதுகாப்புச் சாமான் வேணும், இன்டெல் புரோசசர் எண்டால் அநேகமா 8 ஆம் ஜெனரேஷனாவது வேணும், உங்கட அதிலும் பழசு. விண்டோஸ் 10 க்கான சாதாரண சப்போர்ட்டும் 2025 ஒக்டோபர் 14 ஓட நிண்டிட்டுது, மெஷின் தொடர்ந்து ஓடும், ஆனா பாதுகாப்பு அப்டேட் இல்லாம பாங்க் வேலை பாக்கிறது நல்லதில்லை.

புதுசு வாங்குறதுக்கு முதல் லினக்ஸ் மின்ட்டைப் பாருங்கோ. கேர்னலோட மற்றச் சாமான்களையும் சேத்துக் கட்டித் தாறதை டிஸ்ட்ரோ எண்டுறது, டெபியன் (1993), அதில இருந்து உபுண்டு (2004), அதில இருந்து மின்ட், பேரப்பிள்ளை மாதிரி. விண்டோஸ் பழகின கைக்கு மின்ட் கிட்டடி, கீழ மெனு, கீழ மணிக்கூடு. 4 ஜிபி றாம் இருந்தால் வடிவா ஓடும், ஹாட் டிஸ்க்கைக் கழட்டி வேகமான எஸ்.எஸ்.டி டிஸ்க் ஒண்டு போட்டால் சொல்லவே வேண்டாம்.

இதில நல்ல விசயம், போடாமலே ஓட்டிப் பாக்கலாம். பேரப்பிள்ளையளிட்டச் சொல்லி 8 ஜிபி பென்ட்ரைவ் ஒண்டில மின்ட்டை ஏத்துவிச்சு அதில இருந்தே மெஷினைத் தொடக்கி ரெண்டு நாள் பாவியுங்கோ. வைஃபை பிடிக்குதோ, ஸ்பீக்கர் கேக்குதோ, முக்கியமா உங்கட பிரின்ரர் அடிக்குதோ எண்டு பாருங்கோ, சில லேசர் பிரின்ரருக்கு டிரைவர் கிடைக்கிறது கரைச்சல். சரிவந்தால் மட்டும் இன்ஸ்டால். அதுக்கு முதல் எல்லாப் படத்தையும் வேற டிஸ்கில கொப்பி எடுங்கோ. நான் ஒருக்கா அவசரத்தில டிஸ்க்கை முழுக்க அழிக்கிற பட்டனை அமத்தி மச்சாளின்ர சாமத்தியவீட்டுப் படம் அவ்வளவும் போனது, இப்பவும் கோயில்ல கண்டால் அவ முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போறா.

எங்கட கடையில பாமினி எழுத்தில அடிச்ச கடிதம், அழைப்பிதழ் எண்டு ஆயிரக்கணக்கில கிடக்கு. லினக்ஸுக்கு மாறினால் எல்லாம் குப்பையாப் போகுமோ?
*ரைப்பிங் கடை வைச்சிருக்கிறவர், நெல்லியடி*

போகாது அண்ணை. பாமினியில இருக்கிறது உள்ளுக்க இங்கிலீஸ் எழுத்து, மேல தமிழ்ச் சட்டை. அந்த எழுத்துரு ஃபைலைப் பழைய மெஷினில இருந்து கொண்டுவந்து லினக்ஸில திறந்து இன்ஸ்டால் அமத்தினால் சட்டை திரும்ப வந்திடும், வேர்ட் மாதிரி இருக்கிற லிப்ரே ஒபிஸில திறக்கலாம், இங்கிலீஸ் கீபோட்டில பழைய மாதிரியே அடிக்கலாம். வரிப் பிரிவு கொஞ்சம் அங்க இங்க அரக்கும். ஆனாப் புதுசா அடிக்கிறதையாவது யூனிகோட்டில (எல்லா மெஷினும் தமிழ் எண்டே விளங்கிற எழுத்துமுறை) அடியுங்கோ, பாமினியில அடிச்சதை கூகுளாலயும் தேடேலாது.

அழைப்பிதழ் கோரல்ட்ரோவிலயோ, அல்பம் போட்டோஷொப்பிலயோ செய்யிறியள் எண்டால் மாறாதேங்கோ. ரெண்டும் லினக்ஸுக்கு வாறேல்லை. அதுகளுக்குப் பதிலா இங்க்ஸ்கேப், கிம்ப் இருக்கு, நல்லதுதான், ஆனாக் கலியாண சீசனுக்கை நிண்டு புதுசு பழகேலாது. பில் போட, ரைப் அடிக்க வைச்சிருக்கிற மெஷினை மட்டும் மாத்துங்கோ.

லினக்ஸுக்கு வைரஸே வராதாம், மெய்யோ?
*வாசகர், பருத்தித்துறை*

வரும். வீட்டு மெஷினுகளுக்குக் குறைவு, அவ்வளவுதான். 2024 மார்ச்சில லினக்ஸோட வாற, ஃபைலைச் சுருக்கிற எக்ஸ்.இசட் எண்ட சின்னச் சாமான் ஒண்டுக்குள்ள, வருசக்கணக்கா உதவி செய்யிற மாதிரி நிண்ட ஒராள் கள்ள வாசல் வைச்சுப்போட்டார். லொகின் பண்ண அரைச் செக்கன் கூட எடுக்குதே எண்டு யோசிச்சுக் கிண்டின அன்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் எண்டவர்தான் பிடிச்சவர். கோட் திறந்து கிடந்ததால கிண்டேலுமா இருந்தது, திறந்து கிடந்தும் மற்ற ஆரும் பாக்கேல்லை, ரெண்டையும் சேத்து யோசியுங்கோ. பிடிச்சவர் வேலை செய்த இடம் மைக்ரோசொப்ட்.

எனக்குக் கொம்பியூட்டரே தெரியாது, மகள் அனுப்பின சம்சுங் போன் மட்டும்தான். நானும் லினக்ஸ் பாவிக்கிறனாம் எண்டு பேரன் பகிடி பண்ணுறான்.
*அம்மம்மா ஒருத்தர், மானிப்பாய்*

பகிடி இல்லை அம்மா. உங்கட போனில ஓடுற அன்ட்ரொய்டின்ர அடியில இருக்கிறது லினக்ஸ் கேர்னல்தான். செற்றிங்ஸில போனைப் பற்றின பக்கத்தில, சொஃப்ட்வெயார் விபரத்துக்குள்ள கேர்னல் வேர்ஷன் எண்டு ஒண்டு கிடக்கும், அந்த நம்பரைப் பேரனுக்குக் காட்டி, இதுக்கு என்ன விளக்கம் எண்டு கேளுங்கோ.