பாலாற்று மணலில் ஓடும் காருக்கு இரண்டு பேட்டரி

கேள்வி: மகனின் ரேடியோ கட்டுப்பாட்டுக் காரில் 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருக்கிறது. காட்பாடிப் பக்கம் வறண்ட பாலாற்றில் ஓட்டினால் பத்து நிமிடம்கூட வருவதில்லை. அதே வோல்ட்டில் 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். இரண்டையும் எப்படி இணைப்பது?

பதில்: ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு கோத்துவிடாதீர்கள். அது தொடரிணைப்பு. ஓடும் நேரத்துக்கான கொள்ளளவு ஏறாது, மின்னழுத்தம்தான் 14.4 வோல்ட்டாக ஏறும். 7.2 வோல்ட்டுக்கென்று செய்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி புகைந்துவிடும். அது தப்பினாலும், 1800 பேட்டரி முதலில் காலியாகும்; புதியது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனுள் காலியான செல்கள் நேர்முனை, எதிர்முனை மாறிக் கெடும்.

நேரோடு நேர், எதிரோடு எதிர் சேர்ப்பதே பக்க இணைப்பு. வோல்ட் மாறாது, கொள்ளளவு 4800 ஆகும். இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்து, மல்டிமீட்டரில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வோல்ட் காட்டினால்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தபடியே சார்ஜ் போடக் கூடாது. இந்த வகை பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தம் துளி இறங்கும். தானாக நிற்கும் சார்ஜர்களில் பல அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன. இரண்டு பேட்டரி சேர்ந்திருந்தால் அந்த இறக்கம் மங்கிப்போகும். சார்ஜர் நிற்காமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

நாளை 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி மலிவாகக் கிடைத்து, 'வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதானே' என்று இதோடு சேர்த்தால் தீப்பிடிக்கக்கூடும். முழுச் சார்ஜில் அது 8.4 வோல்ட், இரண்டின் குணமும் வேறு.

கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் சிலிக்கோன் ரப்பர் உறையிட்டதாக இருக்கட்டும். பழைய வெள்ளை பிளாஸ்டிக் இணைப்பான் மணலில் இழுக்கும்போது சூடாகி இளகும். அதற்குப் பதில் எக்ஸ்டி60 (XT60) என்ற இணைப்பானைப் போடுங்கள், முனை மறைந்திருக்கும் பாதி பேட்டரி பக்கம் வர வேண்டும். பழையதை வெட்டும்போது ஒரு கம்பியை வெட்டி, சாலிடர் செய்து, உறை மூடிய பிறகே அடுத்தது. இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டி ஷார்ட் சர்க்யூட் ஆனதற்குச் சாட்சியாக என் கட்டிங் பிளையரின் வாயில் இன்றும் ஒரு பள்ளம் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் சேர்க்கவே மாட்டேன். பழைய பேட்டரியும் புதியதும் நல்ல ஜோடி அல்ல. கூடுதல் எடை சக்கரத்தை மணலில் இன்னும் புதைக்கும். ஒன்று தீர்ந்ததும் மற்றதை மாட்டினால் மொத்த நேரம் குறையாது. இடையில் மோட்டாரும் ஆறும். கழற்றிய பேட்டரியைக் கத்திரி வெயிலில் சூடாகவே சார்ஜில் போடாமல், நிழலில் வைத்துக் கை பொறுக்கும்வரை ஆறவிடுங்கள்.

பேட்டரியைச் சீக்கிரம் குடிப்பது மணல்தான். மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பற்சக்கரத்துக்குப் பதில் இரண்டு பல் குறைந்த ஒன்றை மாட்டிப் பாருங்கள். மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறையும், வேகமும் சற்றுக் குறையும். பையன் முகத்தைச் சுளிப்பான்.