நிழலை எடுத்தால் மண்வளம் நிற்குமா?

கேள்வி: எங்கள் நிலம் மழைக்காட்டை ஒட்டி இருக்கிறது. மரங்களுக்குக் கீழே மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தும் நிழலால் பயிர் எழும்பவில்லை. மரங்களை எடுத்துவிட்டால் நல்ல விளைச்சல் வருமா?

பதில்: முதல் ஓரிரு வருடம் வரும். சிக்கல் அதற்கப்புறம்தான்.

மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். மேலே புதுச் சருகு, அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், அவற்றில் வெள்ளை நூலாகப் பூஞ்சை, அதோடு பின்னிக்கிடக்கும் சல்லிவேர்கள். ஒரு சாண் இறங்கினால் பெரும்பாலும் சிவந்த மண் வந்துவிடும். நீங்கள் பார்த்த வளமெல்லாம் அந்த ஒரு சாணுக்குள் முடிந்தது. மழைக்காட்டு மண் பல இடங்களில் நெடுங்காலமாக மழையில் அலசப்பட்டுச் சத்திழந்தது. மணிச்சத்தையோ (பாஸ்பரஸ்) மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். மீதிச் சத்தில் பெரும்பங்கு மரங்களின் உடம்பில் இருக்கிறது. இலை உதிர்ந்து மக்கியதும் வேர் அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது.

நிழல் உரம் போடுவதில்லை, இந்தச் சுழற்சி அறுந்துபோகாமல் காக்கிறது. அடர்ந்த காட்டில் உச்சியில் விழும் வெயிலில் 1 முதல் 2 சதவீதம்தான் தரைக்கு வரும். அதனால் ஈரம் நிற்கும், வெப்பம் ஏறி இறங்காது, பூஞ்சையும் கரையானும் மண்புழுவும் ஓயாமல் வேலை செய்யும். மரத்தை எடுத்தால் வெற்று மண் உச்சிவெயிலில் 40 டிகிரியைத் தாண்டும். மக்கு வேகமாகக் கரையும், அதை ஈடுகட்டச் சருகும் விழாது. வெளிவந்த சத்தைப் பிடிக்க வேர் இல்லாததால் மழை கொண்டுபோய்விடும். தீ வைத்தால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கிடைக்கும், சரி. ஆனால் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையாகிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: உயரமான கிளை மட்டும் மண்ணைக் காக்காது. இலைகளில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரிது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது நன்றாகவே மண்ணைக் குத்தும். அந்த அடியை வாங்கிக்கொள்வது சருகும் சிறுசெடிகளும்தான். சருகைக் கூட்டி அள்ளிய தோப்பில் நிழல் இருந்தும் மண் அரித்துப்போவதற்குக் காரணம் இதுவே.

அதனால் மரத்தை விட்டுவிட்டுக் கிளையைக் கழியுங்கள். மழை தொடங்கும்போது கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்து, வெட்டிய தழையை அங்கேயே பரப்புங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் திறக்கும் அளவு இடைவெளி போதும். அதையும் வருடத்துக்குச் சிலதாகச் செய்யுங்கள். கல்யாண முருங்கை போன்ற பயறுக் குடும்ப மரங்களைத் தொடாதீர்கள், அவை தழைச்சத்து சேர்ப்பவை. காபி, கோகோ, ஏலம் என்றால் இந்த அரைநிழல் ஒத்துவரும். மக்காச்சோளத்துக்கு இந்த இடம் சரிப்படாது.

கவாத்து முடிந்து முதல் பெருமழையில் குடையோடு போய், வழிந்தோடும் தண்ணீரைப் பாருங்கள். செம்மண் கலங்கி ஓடினால் அந்த வருடம் அரிவாளை எடுக்காதீர்கள்.