அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மானியத்தை நிறுத்திவிடலாமா?

தனியார் நிர்வகிக்கும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மக்கள் வரிப்பணத்தில் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும், மானியத்தை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்குப் பள்ளி தேடும் நேரத்தில் எழுந்த கேள்வியாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

நிறுத்தக் கூடாது என்பதே என் பதில். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் அத்தகைய பள்ளியில்தான் படித்தேன். கல்விக் கட்டணம் இல்லை. பாடநூல், மதிய உணவு, மிதிவண்டி எல்லாம் அரசு கொடுத்தது. மானியம் நின்றால் நிர்வாகம் கட்டணம் வசூலிக்கும் அல்லது பள்ளியை மூடும். இரண்டிலும் வெளியேறுபவர்கள் ஏழைப் பிள்ளைகளே.

ஆனால் சம்பளம் தருவது அரசாகவும் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகமாகவும் இருக்கும் வரை இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்காது. என் அக்கா பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்று, ஓர் உதவி பெறும் பள்ளியின் நேர்காணலுக்குச் சென்றார். தாளாளர் சான்றிதழ்க் கோப்பைத் திறக்கவே இல்லை, அதன் அட்டையை விரலால் தட்டியபடி, "கட்டட நிதிக்கு என்ன செய்ய முடியும்?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்ததும் அலுவலகப் பணியாளர் ஒருவர் தனியே அழைத்துத் தொகையைச் சொன்னார். அப்பா நிலத்தை விற்றாலும் அதில் பாதி தேறாது. ஓய்வு பெறும் வரை அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் பெறப்போகும் ஒரு பணியிடத்துக்கு அந்த அறையில் விலை பேசினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. எல்லா நிர்வாகங்களும் இப்படித்தான் என்று நான் கூறவில்லை. ஒரு பைசா வாங்காமல் நியமனம் செய்யும் பள்ளிகளையும் அறிவேன்.

நியமன உரிமையில் கை வைத்தால் சிறுபான்மையினரின் உரிமை பறிபோகும் என்று சிலர் மறுமொழி எழுதக்கூடும். சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்த அரசமைப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு தரும் உரிமையை நானும் மதிக்கிறேன். ஆனால் தகுதியானவர்களின் பொதுப் பட்டியலிலிருந்து தாங்கள் விரும்புபவரைத் தேர்ந்துகொள்ளும்படி நிர்வாகங்களைக் கேட்பது எப்படிப் பறிப்பாகும்? கேரளத்தில் 1957-ஆம் ஆண்டே கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி இதற்கு முயன்றார்; உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களை அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டியலிலிருந்தே நியமிக்க வேண்டும் என்றது அவருடைய மசோதா. அதற்கு எழுந்த எதிர்ப்பு பெரும் போராட்டமாக வளர்ந்து, 1959 ஜூலை 31 அன்று முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அரசு கலைக்கப்படுவதில் முடிந்தது. எந்தக் கட்சியும் இதை எளிதில் தொடாததற்கு அந்த வரலாறும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபோது, அதே ஏழை வீடுகளிலிருந்து வரும் உதவி பெறும் பள்ளி மாணவர்கள் விடுபட்டார்கள். காலை உணவுத் திட்டமும் 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. ஊரக உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024-இல்தான் வந்தது. நிர்வாகத்தின் மீதுள்ள ஐயத்துக்குப் பிள்ளைகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

உங்கள் பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால், அந்த வகுப்பு மானியம் பெறும் பிரிவா, அதே வளாகத்தில் நடக்கும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவா என்பதை முதலில் கேட்டு உறுதி செய்யுங்கள். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும், சுயநிதிப் பிரிவில் கட்டணம் உண்டு. அங்கே கற்பிப்பவருக்கு அரசு சம்பளமும் கிடையாது.